மலமா, இரத்தமா: வன்னியில் புழு தேட எந்தச் சோதனை?

போன மாதம் ஒரு பிள்ளை போன் எடுத்தாள். முன்பு எங்கள் ஆய்வுகூடத்தில் பயிற்சிக்கு நின்றவள், இப்போது ஆராய்ச்சிப் பட்டம் செய்கிறாள். "அண்ணை, புழுத் தொற்றுக்கு இரத்தத்தில அன்டிபொடி பாக்கிற ரெஸ்ற் ஒண்டு உருவாக்கலாமெண்டு இருக்கிறன். எங்கட வன்னிக்குத்தான். எந்தப் புழுவை எடுக்க, எந்த முறையில செய்ய எண்டு சொல்லுங்கோ." கையில் இருப்பது இரண்டு வருடத் தவணை, கொஞ்சக் காசு, நாலு பேரோடு பங்கு போட்ட ஒரு ஃப்ரீசர். ஏன் இரத்தம் என்று கேட்டேன். "இரத்தமெண்டா சனம் கையை நீட்டும். மலம் கேட்டா முகத்தைத் திருப்புது" என்றாள்.

அது உண்மைதான். வன்னிச் சனத்துக்கு விரல் நுனியில் குத்துவது புதிதில்லை. மலேரியாக் காலத்தில் காய்ச்சல் என்று வந்தவரிடம் முதலில் கேட்டதே ஒரு சொட்டு இரத்தம்தான். 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. கையை நீட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. மலம் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் டப்பா கொடுத்தால் பாதிதான் திரும்பி வரும், வந்ததிலும் சிலது வெறும் டப்பா. ஒருமுறை ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர் மாஜரீன் டப்பா முட்ட நிரப்பி, சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டு வந்து, "இது காணுமோ தம்பி?" என்று கேட்டார். எங்களுக்குத் தேவை 41.7 மில்லிகிராம், ஒரு மிளகளவு.

அந்த 41.7 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இரத்தச் சோதனையோடு போட்டிக்கு நிற்பது அந்த முறைதான். ஜப்பானின் கட்டோ 1954இல் தொடங்கியதை பிரேசிலின் கட்ஸ் 1972இல் அளவுப்படுத்தினார். சல்லடையில் தேய்த்து, துளையுள்ள அச்சில் நிரப்பி, கிளிசரினும் மலக்கைட் பச்சையும் ஊறிய செலோபேன் துண்டால் மூடி அமத்தி, நுணுக்குக்காட்டியில் முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று வரும். மின்சாரம் போனாலும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். நான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கொளுக்கிப்புழுவின் முட்டைக்குத் தோல் மெல்லியது. உள்ளே நாலு அறை பிரிந்த மாதிரி அழகாகத் தெரியும். ஆனால் கிளிசரின் அதையும் தெளிவாக்கிக்கொண்டே போகும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணாவிட்டால் தகட்டில் முட்டை இருந்த இடமே தெரியாது. பன்னிரண்டு மணிக்கு நான் "உண்டு" என்று எழுதிய தகட்டை இரண்டு மணிக்கு வேறொருவர் பார்த்து "இல்லை" என்று எழுதினால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தகடு போட்டபிறகுதான் இது. அதற்கு முன் மாதிரி மோட்டார் சைக்கிளில் சித்திரை வெய்யிலில் வந்து சேர வேண்டும். அந்தச் சூட்டில் முட்டைகள் வழியிலேயே வளரத் தொடங்கிவிடும்.

அப்படிப் பார்த்தால் இரத்தம் எவ்வளவோ மேல். ஒரு சொட்டை வடிதாளில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போட்டுத் தபாலில் கூட அனுப்பலாம். காய்ந்த சொட்டில் பிறபொருளெதிரி, அதாவது அவள் சொன்ன அன்டிபொடி, நன்றாகத் தாங்கும். ஆனால் எடுக்க லேசு என்பது ஒரு கணக்கு, எடுத்தது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது வேறு கணக்கு. மலத்தில் முட்டை கண்டால் புழு இப்போது உள்ளே இருக்கிறது. இரத்தத்தில் பிறபொருளெதிரி கண்டால் இந்த உடம்பு என்றோ ஒரு நாள் அந்தப் புழுவோடு மல்லுக்கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். புழு செத்துப் பல மாதம் ஆனபிறகும், சிலவேளை வருடக்கணக்காகவும், அந்த அடையாளம் கிடக்கும். மலேரியா பார்க்கும் சோதனைப் பட்டியைப் பழகிய ஆட்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அந்தப் பட்டி ஒட்டுண்ணியின் சொந்தப் புரதத்தைத் தேடுகிறது. அன்டிபொடிப் பட்டி நம் உடம்பின் ஞாபகத்தைத் தேடுகிறது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இரண்டு சிவப்புக் கோடு.

சரி, எந்தப் புழு?

வட்டப்புழு, சவுக்குப்புழு, கொளுக்கிப்புழு மூன்றையும் அவள் பட்டியலில் இருந்து முதலில் வெட்டச் சொன்னேன். ஒரு பெண் வட்டப்புழு நாளுக்கு ஏறத்தாழ 200,000 முட்டை போடும். ஒருவர் நாளுக்கு 200 கிராம் மலம் கழிக்கிறார் என்று வைத்தால் கிராமுக்கு 1,000, எங்கள் மிளகளவுத் தகட்டில் நாற்பது. ஒரேயொரு புழு கண்ணுக்கு முன் நாற்பது சாட்சியை வைக்கும்போது இரத்தத்தில் எதற்குத் துப்புத் துலக்குவது? மற்ற இரண்டும் இவ்வளவு தாராளமில்லைத்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை குடித்துவிட்டு மறுபடி வெறுங்காலோடு வயலுக்கும் குளக்கட்டுக்கும் ஓடும் பிள்ளைகள் இவர்கள். தொற்றி, தீர்ந்து, திரும்பத் தொற்றும் ஊரில் அன்டிபொடிச் சோதனை கிட்டத்தட்ட எல்லாரையும் "உண்டு" என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

யானைக்கால் புழுவும் வேண்டாம். இலங்கையில் அது மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களோடு நின்ற நோய். 2016இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாகச் சான்றும் கிடைத்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்களை ஒருமுறை பார்த்துவைப்பது நல்லதுதான். அதற்குப் புழுவின் புரதத்தையே பிடிக்கும் பட்டி ஏற்கெனவே உண்டு. முன்பு போல இரவு பத்து மணிக்குப் பிறகு வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கவும் தேவையில்லை. இருக்கும் சக்கரத்தைத் திரும்பச் செதுக்குவானேன்.

மிஞ்சுவது இரண்டு. நாய்க்குட்டிகளின் டொக்சோகாரா ஒன்று, ஸ்ட்ரொங்கிலொயிடெஸ் மற்றது. அவளுக்கு ஆசை முதலாவதில்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. டொக்சோகாரா மனித உடம்பில் முழுப் புழுவாக வளராது. குடம்பியாகவே ஈரல், நுரையீரல், கண் என்று அலையும். முட்டை போடாது. எனவே மலத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் வராது. நாய்க்குட்டி தாயின் வயிற்றிலேயே தொற்றோடு பிறக்கிறது, பிள்ளைகள் அதை மடியில் வைத்துக்கொண்டு அதே கையால் மாங்காய் தின்கிறார்கள். முறிகண்டிச் சந்தியில் பத்து நிமிடம் நின்றால் இந்தப் புழுவுக்கு வன்னியில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். இரத்தம்தான் ஒரே வழி. செய்முறையும் பழையது: குட்டியின் குடலில் எடுத்த பெண் புழுவின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குடம்பிகளை ஊடகத்தில் உயிரோடு வளர்த்து, அவை வெளியே விடும் புரதங்களைச் சேர்த்து எலைசா தட்டில் (பிறபொருளெதிரி ஒட்டினால் நிறம் மாறும் குழித் தட்டு) பூசுவது. 1970களில் இருந்தே நடக்கிறது.

நான் தடுத்தது ஒரே காரணத்துக்காக. நீ செய்த சோதனை சரியா என்று எதை வைத்துச் சொல்வாய்? உண்மையான நோயாளி யார் என்று உறுதிப்படுத்த ஈரலில் சதை வெட்டிக் குடம்பியைக் காட்ட வேண்டும். அதை யார் செய்வார்? பிறபொருளெதிரி வருடக்கணக்காக நிற்பதால் நோயே இல்லாத பிள்ளைகளும் "உண்டு" என்று வருவார்கள். கண்ணில் மட்டும் புழு போன பிள்ளைக்கோ இரத்தத்தில் அளவு குறைந்து "இல்லை" என்று வரக்கூடும். இரத்தம் மட்டுமே வழி என்பதுதான் அந்தச் சோதனையின் பலம். அதைச் சரிபார்க்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். இரண்டு வருடத்தில் ஒருவர் தனியாக இதற்குள் இறங்கினால் முடிவில் எண்கள் இருக்கும், பதில் இருக்காது.

ஸ்ட்ரொங்கிலொயிடெஸின் கதை வேறு. இரண்டு மில்லிமீட்டர் நீளப் பெண் புழு சிறுகுடல் சுவருக்குள் புதைந்து கிடக்கும். ஆண் துணை தேவையில்லை. முட்டை உள்ளேயே பொரித்து, குடம்பிதான் மலத்தில் வரும், அதுவும் சொற்பமாக, ஒரு நாள் வந்தால் மூன்று நாள் வராமல். கட்டோ தகட்டுக்கு இது அகப்படாது. எல்லாவற்றையும் விட மோசமானது, சில குடம்பிகள் வெளியே போகாமல் குடலிலேயோ ஆசனவாய்த் தோலிலேயோ துளைத்து அதே ஆளைத் திரும்பத் தொற்றும். அதனால் இது தானாகத் தீராது. இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில்பாதையில் கைதிகளாக வேலை செய்த பிரித்தானியப் படையினருக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழிந்தும் இந்தப் புழு இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட எங்கள் ஆட்களும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள், அவர்களை நான் அறிய யாரும் பின்தொடர்ந்து பரிசோதிக்கவில்லை என்பது என் பக்கவாட்டு ஆத்திரம்.

பல வருடம் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் இந்தப் புழு, ஆளுக்கு ஸ்டெரோயிட் கொடுத்தவுடன் எழும்பும். தொய்வு (ஆஸ்துமா) மோசமானால் பிரெட்னிசொலோன் குளிசை, முகமும் காலும் வீங்கிய சிறுநீரகப் பிள்ளைக்கும் பிரெட்னிசொலோன். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறுநீரக நோயாளரில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில். குடம்பிகள் பெருகி நுரையீரல் வரை போய், குடல் பக்டீரியாவையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். முன்கூட்டிப் பிடித்தால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின், கதை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மெபெண்டசோல் ஒற்றைக் குளிசை இந்தப் புழுவை அசைக்காது.

இதில் இரத்தச் சோதனை ஒரு தீர்மானத்தை மாற்றுகிறது. ஸ்டெரோயிட் தொடங்க முன் ஒரு சொட்டு. தொடங்கியபின் பார்த்தால் பயன் குறைவு, ஏனென்றால் அடக்கப்பட்ட உடம்பு பிறபொருளெதிரியைச் சரியாக உற்பத்தி செய்யாது. புழுத் தொற்றில் கூடும் வெள்ளணுவான ஈசினோஃபிலும் ஸ்டெரோயிட்டில் இறங்கிவிடும், அதைப் பார்த்து நிம்மதிப்படுவது பெரிய பிழை. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது: வைத்தியம் செய்தபின் இந்தப் புழுவுக்கான பிறபொருளெதிரி ஆறு மாதம், ஒரு வருடத்தில் கணிசமாக இறங்கும். முன்னும் பின்னும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டால் மருந்து கேட்டதா என்று சொல்லலாம். மற்றப் புழுக்கள் பலவற்றில் லேசில் கிடைக்காத வசதி இது.

அடுத்த கேள்வி, தட்டில் எதைப் பூசுவது. புழுவை அரைத்த சாறா, பக்டீரியாவில் செய்த ஒற்றைப் புரதமா? மனிதப் புழுவில் போதிய குடம்பி சேர்ப்பது மிகக் கடினம் என்பதால் சாறு முறைக்காரர் எலியின் ஸ்ட்ரொங்கிலொயிடெஸை வளர்ப்பார்கள். எலி, கூடு, தீனி, அனுமதி, எலி பார்க்க ஒரு ஆள். இவ்வளவும் சமாளித்தாலும் சாற்றில் எல்லாப் புழுவுக்கும் பொதுவான சர்க்கரைகளும் பொஸ்போரில்கோலின் என்ற கூறும் இருக்கும். வட்டப்புழு இருந்தவரின் இரத்தமும் அதில் ஒட்டும். ஐரோப்பாவில் இருந்து ஊருக்கு வந்துபோன ஆளைச் சோதிக்க அது பரவாயில்லை. மூன்று புழுவும் ஒன்றாகப் பார்த்த வன்னிப் பிள்ளைக்குச் சரிப்படாது.

ஒற்றைப் புரதத்தில் பேர்பெற்றது என்.ஐ.ஈ. என்ற 31 கிலோடால்டன் புரதம். மரபணுவைச் செயற்கையாகச் செய்வித்து ஈ.கோலை பக்டீரியாவில் ஏற்றினால் வேண்டுமளவு கிடைக்கும், எலி வேண்டாம். நான் சொன்ன ஒரேயொரு எச்சரிக்கை சுத்திகரிப்பு. ஈ.கோலை எல்லார் குடலிலும் இருக்கிற கிருமி, எல்லார் இரத்தத்திலும் அதற்குப் பிறபொருளெதிரி உண்டு. புரதத்தோடு பக்டீரியாக் கசடு கொஞ்சம் ஒட்டி வந்தாலும் தட்டு முழுக்க மஞ்சளாகும், அவளும் வன்னி முழுக்கப் புழு என்று எழுதிவிடுவாள். புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் தூணில் கவனமாகக் கழுவ வேண்டும், சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்) கரைக்கும் திரவத்திலும் கொஞ்சம் ஈ.கோலைச் சாறு கலந்து அந்தப் பிறபொருளெதிரிகளை முதலிலேயே உறிஞ்சிவிடலாம்.

கண்டுபிடிக்கும் பக்கத்தில் மொத்த ஐஜிஜியை (இரத்தத்தின் முக்கியப் பிறபொருளெதிரி வகை) விட அதன் ஒரு பிரிவான ஐஜிஜி4 நல்லது. சாதாரண ஆளின் ஐஜிஜியில் அது மிகச் சிறிய பங்கு. நாட்பட்ட புழுத் தொற்றில் உயரும், பொஸ்போரில்கோலினோடும் அவ்வளவாக ஒட்டாது. புதுத் தொற்றைத் தவற விடக்கூடும். எங்கள் ஆட்களின் தொற்றோ வருடக்கணக்கானது, அதனால் ஏற்கலாம்.

ஏன் இவ்வளவு கறார் என்று அவள் கேட்டாள். 95 வீதம் திருத்தமான சோதனை நல்ல சோதனைதானே? கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவருக்குக்கூடப் புழு இல்லாத ஊரில் 1,000 பிள்ளைகளைப் பார்க்கிறாய். 95 வீதத் தெரிதிறன், அதாவது புழு இல்லாத 100 பேரில் 95 பேரைத்தான் "இல்லை" என்று சரியாகச் சொல்லும் என்றால், 50 பேர் சும்மா "உண்டு" என்று வருவார்கள். அது 5 வீதம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், பள்ளி வயதினரில் 5 வீதமோ கூடவோ இருந்தால் ஊருக்கே ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்கிறது. புழுவே இல்லாத ஊர் உன் சோதனையால் மட்டும் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும்! மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

வார்ட்டில் ஸ்டெரோயிட் தொடங்க இருக்கும் ஒருவருக்கு இந்தக் கறார் வேண்டாம். அங்கே பிழையாக "உண்டு" என்றால் இரண்டு நாள் குளிசை, பிழையாக "இல்லை" என்றால் உயிர். எனவே ஒரே தட்டுக்கு இரண்டு வெட்டுக்கோடு ("உண்டு" என்று சொல்லத் தொடங்கும் அளவு) வைக்கச் சொன்னேன்: ஊர்க் கணக்கெடுப்புக்கு உயரத்தில் ஒன்று, நோயாளிக்குத் தாழ்வாக ஒன்று.

தட்டா பட்டியா என்பதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. பட்டிதான் வன்னிக்குச் சரி: ஒரு ஆள், இருபது நிமிடம், மின்சாரம் வேண்டாம். எலைசா தட்டில் 96 குழி. வாரத்துக்கு மூன்று பேர் வரும் ஆஸ்பத்திரியில் தட்டு நிறையும்வரை காத்திருந்தால் ரிப்போட் வரும்போது ஸ்டெரோயிட் முடிந்திருக்கும். ஆனாலும் பட்டி செய்ய முதலில் தட்டில் புரதம் தேறியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தட்டு, பட்டி அடுத்து வருபவருக்கு. ஃப்ரீசரை நம்பி எல்லாச் சீரத்தையும் ஒரே இடத்தில் வைக்காதே என்றும் சொன்னேன். 2022இல் கரண்ட் போன நாட்களில் உருகிப் போன மாதிரிகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. புழுவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆரைப் பற்றி அவளே கேட்டு அவளே விட்டாள். அதே மலம்தான் வேண்டும், குடம்பி வராத நாளில் அதுவும் காணாது, செலவு மட்டும் நிச்சயம்.

நேர்மையாகச் சொன்னால் இன்னொரு தெரிவும் உண்டு. சோதிக்காமல் குளிசையைக் கொடுத்துவிடுவது. சோதனையை விட ஐவர்மெக்டின் மலிவாக வரும் இடத்தில், இரவு பன்னிரண்டு மணிக்கு மூச்சு இழுத்து வந்த வயல்காரருக்கு நான் டொக்டராக இருந்தால் அதையே செய்வேன். ஆனால் எந்த ஊரில் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு மாவட்டத்துக்கு மருந்து எடுப்பிக்க முடியாது. அந்த எண்ணைத் தருவதுதான் அவளுடைய வேலை.

"அப்ப ஸ்ட்ரொங்கிலொயிடெஸ், என்.ஐ.ஈ., ஐஜிஜி4, எலைசா" என்று எழுதிக்கொண்டாள். சரி, உறுதியான நோயாளிச் சீரம் எங்கே எடுப்பாய் என்று கேட்டேன். புழு உள்ளவர் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆட்கள் வேண்டும். வேறு புழு மட்டும் உள்ளவர்களும் வேண்டும். வெளிநாட்டு இரத்ததானக்காரரை "இல்லை" பக்கத்தில் வைத்தால் சோதனை தாளில் ஜொலிக்கும், மாங்குளத்தில் படுத்துவிடும். இங்கேயே, புழு இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்த ஆட்கள் தேவை. அதற்கு நல்ல வழி அகார் தட்டு வளர்ப்பு: புது மலத்தை அகாரின் நடுவில் வைத்து, விளிம்பை ரேப்பால் சுற்றி, இரண்டு நாள் வெளியே விடுவது. வன்னிச் சூடு போதும், இன்கியுபேற்றர் வேண்டாம். குடம்பி இருந்தால் அது ஊர்ந்த வழியெல்லாம் பக்டீரியாவைக் காவிக்கொண்டு போயிருக்கும். காலையில் சாய்த்துப் பார்த்தால் ஈர மணலில் நத்தை போன தடம் மாதிரி வளைந்து வளைந்து கோடு. ஆளுக்கு மூன்று வெவ்வேறு நாள் மாதிரி. ஐஸில் வைக்கக் கூடாது, குடம்பி செத்துவிடும்.

"மலத்தில இருந்து தப்பலாமெண்டு உங்களிட்ட வந்தன். நீங்கள் மூண்டு மடங்காக் கேக்கிறியள்" என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, "மூண்டு நாள் ஆர் அண்ணை தருவினம்?"

அந்த மாஜரீன் டப்பா அம்மாவின் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.